பதினைந்து மணியும் முப்பது மணியும்

இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31 அன்று மூன்று வயது நிறைந்த குழந்தைக்கு, மறுநாள் செப்டம்பர் 1 முதலே அரசுச் செலவில் நர்சரிக்குப் போகும் உரிமை வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரே ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டும். நான்கு மாதக் கட்டணம் பெற்றோர் தலையில் விழும். பிறந்தநாளுக்கு அடுத்து வரும் பருவத்தில்தான் உரிமை தொடங்கும் என்பது விதி. ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1 என்று ஆண்டுக்கு மூன்றே வாசல்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குடியேறி, முதல் பிள்ளை பெற்றிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இதெல்லாம் அதிகாரிகளின் கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். கிறுக்குத்தனம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது.

அரசு எதற்காகச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் செலவழிக்க வேண்டும்? பிள்ளையின் வளர்ச்சிக்காகவா, தாய் வேலைக்குப் போவதற்காகவா? இருநூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு ஆட்சியாளர்கள் அந்தந்த நேரத்துக்குத் தோதான பதிலைச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

தொடக்கம் ஸ்காட்லாந்தில். நியூ லனார்க் பஞ்சாலையின் முதலாளி ராபர்ட் ஓவன், 1816 ஜனவரி 1 அன்று தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தையெல்லாம் அங்கே வரலாம். அடி கிடையாது, புத்தகத் தொல்லை கிடையாது, ஆட்டமும் பாட்டும்தான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவர் அமர்த்திய ஜேம்ஸ் புக்கனன் ஒரு நெசவாளி. எழுதப் படிக்கவே தடுமாறியவர், ஆனால் பிள்ளைகளிடம் பொறுமை மிகுந்தவர் என்று ஓவன் பிற்பாடு எழுதினார். அந்தப் புக்கனனை லண்டன் சீமான்கள் சிலர் தங்கள் பக்கம் அழைத்துக்கொண்டார்கள். 1820 வாக்கில் வெஸ்ட்மின்ஸ்டரிலும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸிலும் இதே வகைப் பள்ளிகள் நடந்தன. ஓவன் சமத்துவவாதிதான். ஆனால் ஆலை முதலாளியும்கூட. பிள்ளை பள்ளியில் இருந்தால் தாய் தறியில் நிம்மதியாக நிற்பாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டு நோக்கமும் ஒரே கூரையின் கீழ் அன்றே குடியேறிவிட்டன.

1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு ஐந்து வயது என்பது பள்ளி தொடங்கும் வயதாக நிலைத்தது. அதற்குக் கீழே என்ன செய்வது? ஏழைத் தாய்மார்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தம்பியும் தங்கையும் அதே பள்ளிக்கு வந்தார்கள். 1900-ஐ ஒட்டி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 43 சதவீதம் பேர் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள். 1905-இல் பெண் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது கண்டது மனத்தை வருத்துவதாக இருந்தது: படிக்கட்டு வரிசைகளில் நெருக்கி உட்காரவைக்கப்பட்ட மூன்று வயதுக் குழந்தைகள், கை காலை அசைக்காமல், தூங்கி வழிந்துகொண்டு. அவர்களுக்கென்று வேறு வகைப் பள்ளி வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். அரசு அதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்க்க மறுக்கலாம் என்று உள்ளாட்சிகளுக்கு அனுமதி தந்தது. வேறு வகைப் பள்ளி கட்டவில்லை. 43 சதவீதம் கால் நூற்றாண்டில் பதின்மூன்று, பதினான்கு அளவுக்குச் சரிந்தது.

அந்த இடைவெளியில் தெற்கு லண்டனின் டெப்ட்ஃபோர்டில் இரண்டு சகோதரிகள் தோட்டம் போட்டார்கள். ரேச்சல் மெக்மில்லன், மார்கரெட் மெக்மில்லன். தேம்ஸ் கரையோரத்துச் சேரிப் பிள்ளைகளுக்குச் சொறியும் சளியும் பல்வலியும்தான் உடைமை. சகோதரிகள் முதலில் நடத்தியது மருத்துவ நிலையம். குணமாகிப் போன பிள்ளை சில நாளில் அதே நோயோடு திரும்பி வருவதைப் பார்த்துச் சலித்துப் போய், 1914-இல் திறந்தவெளி நர்சரியைத் தொடங்கினார்கள். வந்ததும் குளியல், சுத்தமான உடுப்பு, சூடான உணவு, பிறகு செடிகொடிகளுக்கு நடுவே நாள் முழுக்க விளையாட்டு, பகலில் வெட்டவெளிக் கட்டிலில் தூக்கம். முதல் உலகப் போர் வந்தபோது, ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களின் பிள்ளைகளுக்காக ஆயுத அமைச்சகமே உதவித்தொகை கொடுத்தது. 1917-இல் ரேச்சல் இறந்தார். அவர் பெயரில் அந்த நர்சரி நிலைத்தது. 1918-இல் வந்த ஃபிஷர் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு நர்சரிப் பள்ளி நடத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது, கடமை ஆக்கவில்லை. கடமை இல்லாத இடத்தில் காசு போகாது. அந்தக் கதை எல்லா ஊருக்கும் பொது.

இரண்டாம் உலகப் போரில் பெண்களின் உழைப்பு தேவைப்பட்டது. உடனே பணமும் வந்தது. 1944-க்குள் ஏறக்குறைய 1,450 போர்க்கால நர்சரிகள், செலவு முழுவதும் மத்திய அரசுக் கணக்கில். தாய் கொடுக்க வேண்டியது நாளுக்கு ஒரு ஷில்லிங். போர் முடிந்தது, ஆண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். 1945 டிசம்பரில் சுகாதார அமைச்சகம் 221 என்ற எண்ணிட்ட சுற்றறிக்கையை அனுப்பியது. இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருக்கும் தாய் வேலைக்குப் போவதை ஊக்கப்படுத்தக் கூடாது, மாறாகத் தடுத்து மனம்மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். மறு ஆண்டே மானியம் பாதியாகக் குறைந்தது. நர்சரிகள் ஒவ்வொன்றாக மூடின. அதுவரை நாட்டுப்பற்றாக இருந்த அதே செயல், ஒரே ஆண்டில் தாயின் பொறுப்பின்மையாக மாறியதை அரசாங்கத்தில் யாரும் விநோதமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

1960-இல் இன்னொரு சுற்றறிக்கை, 8/60. நர்சரி இடங்களை இனிமேல் கூட்ட வேண்டாம் என்றது அது. ஆசிரியர் பற்றாக்குறை காரணமாகச் சொல்லப்பட்டது. பெல் டுடாயேவ் என்ற லண்டன் தாய்க்கு அப்போது நான்கு வயது மகள். அரசு தராவிட்டால் நாமே நடத்துவோம் என்று, ஒரு தேவாலயக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டுக் குழு நடத்தினார். 1961 ஆகஸ்டில் ‘கார்டியன்’ நாளிதழின் பெண்கள் பக்கத்துக்கு அவர் எழுதிய கடிதத்துக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து பிறந்த பிளேகுரூப் சங்கம், சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கூடங்களில் தாய்மார்களே முறைவைத்து நடத்தும் இயக்கமாகிவிட்டது. ஒரு பக்கம் பெருமைதான். மறுபக்கம், பெண்கள் கூலி இல்லாமல் செய்கிறார்களே, நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கருவூலம் முப்பது ஆண்டு சாய்ந்து உட்கார அதுவே இடம் கொடுத்தது.

இந்தக் கதையில் எதிர்பாராத ஆள் மார்கரெட் தாட்சர். கல்வி அமைச்சராக இருந்து 1971-இல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இலவசப் பாலை நிறுத்தி ‘பால் திருடி’ என்று பட்டம் வாங்கிய அதே தாட்சர்தான், 1972 டிசம்பரில் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். பத்தே ஆண்டுகளில் கேட்கிற எல்லாருக்கும் இலவச நர்சரி. நான்கு வயதினரில் 90 சதவீதம், மூன்று வயதினரில் 50 சதவீதம் என்பது கணக்கு. தொடக்கக் கல்வியை ஆராய்ந்த ப்ளோடன் குழு 1967-இல் சொன்ன யோசனை அது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, பணம் போயிற்று. அவர் பிரதமரான பின் வந்த 1980 கல்விச் சட்டம், நர்சரி நடத்துவது உள்ளாட்சிகளின் விருப்பம் மட்டுமே என்று உறுதி செய்தது. வாக்குறுதியும் மறுப்பும் ஒரே ஆளிடமிருந்து.

தாட்சருக்குப் பின் வந்த ஜான் மேஜர் ஆட்சியில் விஷயம் வவுச்சராக வந்தது. நான்கு வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு ஆண்டுக்கு 1,100 பவுண்டு மதிப்புள்ள சீட்டு. அரசுப் பள்ளியோ தனியார் நர்சரியோ, பிடித்த இடத்தில் கொடுத்துக்கொள்ளலாம். 1996 ஏப்ரலில் நார்ஃபோக்கிலும் லண்டனின் மூன்று பரோக்களிலும் சோதனை. சிக்கல் எங்கே என்றால், பணத்தின் பெரும்பகுதியைக் கவுன்சில்களின் மானியத்திலிருந்தே கழித்துத்தான் வவுச்சராகத் திருப்பித் தந்தார்கள். இழந்ததை மீட்கப் பள்ளிகள் நான்கு வயதினரை முன்கூட்டியே வகுப்பில் சேர்த்துக்கொண்டன. பிளேகுரூப்கள் பிள்ளையில்லாமல் தவித்தன. பெற்றோருக்குத் தேர்வுரிமை தர வந்த திட்டம், தேர்ந்தெடுக்க இருந்த இடங்களையே குறைத்தது. 1997 ஏப்ரலில் நாடு முழுக்கப் பரவிய வவுச்சரை மே மாதம் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி தூக்கி எறிந்தது.

இன்றைய மணிக்கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. 1998 செப்டம்பரில் எல்லா நான்கு வயதினருக்கும், 2004 ஏப்ரலில் எல்லா மூன்று வயதினருக்கும் இலவச இடம் வந்தது. வாரம் ஐந்து அரை நாள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம்: ஆக 12.5 மணி. பருவத்துக்கு 11 வாரம் வீதம் ஆண்டுக்கு 33 வாரம். இந்த இரண்டரை மணிக்குப் பின்னால் இருந்தது பிள்ளையின் நலன்தான். இரண்டரை மணி நேரத்தில் எந்தத் தாயும் வேலைக்குப் போய்த் திரும்ப முடியாது. 2006-இல் 33 வாரம் 38 ஆனது, 2010 செப்டம்பரில் 12.5 மணி 15 ஆனது. 2013-இலிருந்து வறிய குடும்பங்களின் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது.

1997-இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று சுமார் 3,000 குழந்தைகளை ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்தது. சீக்கிரம் தொடங்குவதும் நல்ல ஆசிரியர் அமைவதும் பிள்ளைக்குப் பலன் தருகின்றன. அரை நாளை முழு நாளாக்குவதால் கூடுதல் பலன் இல்லை என்பது அதன் முடிவு. பிறகு எப்படி 15 மணி 30 ஆயிற்று? தேர்தல் வந்தது. 2015-இல் தொழிற்கட்சி, வேலை பார்க்கும் பெற்றோருக்கு 25 மணி என்றது. கன்சர்வேடிவ் கட்சி 30 என்றது. ஏலத்தில் ஜெயித்தவர்கள் 2017 செப்டம்பரில் அதைக் கொண்டுவந்தார்கள். வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் இந்தக் கூடுதல் மணிகள் கிடையாது என்ற விதியும் அதில் இருந்தது. 2018-இல்தான் அதைத் திருத்தினார்கள். 2023 மார்ச் பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் அடுத்த கட்டத்தை அறிவித்தார். அது படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 2025 செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதக் குழந்தை முதல் பள்ளி வயது வரை வாரம் 30 மணி, ஆண்டுக்கு 38 வாரம்: மொத்தம் 1,140 மணி.

ஆனால் இந்த 30 மணி வேலை பார்க்கும் பெற்றோருக்கு மட்டும். பெற்றோர் இருவரும் தலா வாரம் 16 மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலியையாவது சம்பாதிக்க வேண்டும்; 2025 ஏப்ரல் கணக்கில் வாரம் சுமார் 195 பவுண்டு. ஒருவர் வருமானம்கூட ஆண்டுக்கு 1,00,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை: கணவனும் மனைவியும் ஆளுக்கு 99,000 வாங்கினால் 30 மணி உண்டு. ஒருவர் 1,01,000 வாங்கினால், மற்றவர் எவ்வளவு குறைவாக வாங்கினாலும் இல்லை. வேலையே கிடைக்காத ஏழைத் தாயின் மூன்று வயதுப் பிள்ளைக்கும் 15 மணிதான். நர்சரியால் அதிகம் பயன் பெறக்கூடியது எந்தப் பிள்ளையோ அதற்குப் பாதி, வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முழுசு. மெக்மில்லன் சகோதரிகளின் கணக்கைத் தலைகீழாக்கிய விதி இது என்று தயங்காமல் சொல்லலாம்.

பெறும் வழி சிக்கலாகத் தெரிந்தாலும் ஒழுங்கு உண்டு. அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 11 இலக்கக் குறியீடு ஒன்று கிடைக்கும். அதை நர்சரியிடம் கொடுக்க வேண்டும். செப்டம்பர் பருவத்துக்கு ஆகஸ்ட் 31-க்குள், ஜனவரிக்கு டிசம்பர் 31-க்குள், ஏப்ரலுக்கு மார்ச் 31-க்குள் குறியீடு கையில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் போய், நிலைமை மாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இதை மறந்து உரிமையை இழப்பவர்கள் உண்டு. சாப்பாடு, டயப்பர் போன்றவற்றுக்கு அரசுப் பணம் கிடையாது. நர்சரி தனியாகக் கேட்கலாம், ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலை விசாவில் போனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுநிதி உதவி கிடையாது என்று விசாவில் எழுதியிருப்பவர் 30 மணிக்கு விண்ணப்பிக்க முடியாது. அதைப் படித்துவிட்டு, தங்களுக்கு எதுவுமே இல்லை என்று முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு வயதினருக்கான 15 மணி, பெற்றோரின் விசாவையோ வருமானத்தையோ பார்ப்பதில்லை. அதற்குக் குறியீடும் வேண்டாம், இணைய விண்ணப்பமும் வேண்டாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ எடுத்துக்கொண்டு, பருவம் தொடங்கும் முன்பே நேராக நர்சரியில் போய்க் கேளுங்கள்.