காலங்கடந்த கணிப்பொறியும் இசைப்பதிவும்



விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் திருக்கோயிலைச் சுற்றி வருவோர் அங்கே பிறை வடிவில் அமைந்த காலங்காட்டும் கல்லொன்றைக் காணலாம். அதன் மேலுள்ள குழியில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்த எண்ணின்மேல் விழுகிறதோ அதுவே அப்போதைய மணியாகும். அதைச் செதுக்கிய சிற்பி மறைந்து எத்தனையோ தலைமுறைகள் கடந்தும் அது தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது. நம் வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் பெரிய மரப்பீப்பாய்கள் சுழல்வதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலகை கெட்டால் பலகையை மாற்றுவர்; பட்டை அறுந்தால் பட்டையை மாற்றுவர். பீப்பாயைச் செய்தவரிடம் சென்று அனுமதி கேட்பார் ஒருவரும் இல்லை.

கணிப்பொறியின் கதை வேறு. பொறிக்கும் நமக்கும் நடுவே நின்று வேலைகளைப் பங்கிட்டு நடத்தும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். பொறியின் உடல் நன்றாக இருக்கும்போதே, அதன் இயங்குதளத்துக்கு இனி ஆதரவு இல்லை என்று நிறுவனம் நாள் குறித்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 சனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 என்று அந்நாள்கள் வந்தன. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய பொறிகளையே தகுதியற்றவை என்று ஒதுக்கிவிட்டது. தேய்ந்துபோனதால் வீணான பொறிகள் அல்ல இவை, கைவிடப்பட்டதால் வீணானவை. பாலாற்றங்கரையில் வாழும் நமக்குக் கழிவு என்றால் என்ன என்று பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் கழிவுநீரால் இந்த ஆறும் கிணறுகளும் கெட்டதைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததே! தூக்கியெறிந்த கணிப்பொறியிலும் ஈயம் முதலிய நஞ்சுகள் உண்டு.

இதற்கு மாற்றுவழி தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்று வேண்டுமென்று அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் தம்முடைய 386 வகைக் கணிப்பொறிக்கென்று ஒரு கருமென்பொருளை எழுதத் தொடங்கினார். இரண்டும் சேர்ந்ததே இன்று நாம் லினக்ஸ் என்று சொல்லும் இயங்குதளம்.

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் இது விரைவிலேயே போதுமானதாயிற்று. இசைக்குத்தான் போதவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒலியைப் பதிவு செய்யும் கணிப்பொறி அதை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவ்வெண்களை ஒவ்வொன்றாக அல்லாமல், கூடை கூடையாக வாங்கிக்கொள்கிறது. ஒரு கூடைக்கு 256 எண்கள் என்றால், அது நிறைய ஐந்து மில்லிநொடிக்குச் சற்று மேலாகும். 1,024 என்றால் 21 மில்லிநொடி ஆகும். உள்ளே வருவதற்கும் வெளியே செல்வதற்கும் தனித்தனிக் கூடைகள் இருப்பதால் தாமதம் பெருகும். மிருதங்க வித்துவான் தம் அடியைப் பொறியின் வழியாகக் கேட்டு வாசித்தால் தாளம் தடுமாறும். கூடையைச் சிறிதாக்கலாமே என்பீர்கள். சிறிதாக்கினால், பொறி வேறொரு வேலையில் ஈடுபட்டிருக்கும் கணத்தில் கூடை வழிந்து ஒலி அறுந்துவிடும். ஆகவே இசைக்கு வேண்டியது அதிவேகம் அன்று, காலந்தவறாமை.

இதற்காகப் பலர் உழைத்தார்கள். அமேசான் நிறுவனத்தின் தொடக்ககால நிரலாளருள் ஒருவரான பால் டேவிஸ், பல தடங்களில் ஒலிப்பதிவு செய்யும் ஆர்டர் என்னும் மென்பொருளையும், ஒலியை மிகக் குறைந்த தாமதத்தில் கடத்தும் ஜாக் என்பதையும் உருவாக்கினார். 2000-இல் ஆடாசிட்டி வெளிவந்தது. லினக்ஸின் கருவையே காலந்தவறாததாக்கும் பணி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்து, 2024-இல்தான் மூலத்தோடு முழுமையாக இணைந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் இயங்குதளத்தை அந்நிறுவனம் அனுமதிக்காத பிற பொறிகளில் புகுத்தி இசையமைத்தவர்களும் உண்டு. உரிமத்துக்குப் புறம்பான அந்த வழியை மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆப்பிள் 2020 முதல் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறியதால் அவ்வழியும் அடைபட்டு வருகிறது.

செய்தவர் நினையாத வகையில் ஒரு கருவியை ஆளுவது நம் இசைக்குப் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குப் பழக்கினார். அதை அமர்ந்து வாசிப்பதும் தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டுவதும் நம்மவர் வழக்கமாயின.

தமிழகத்துக்கு வருவோம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் தமிழ் முதலிய இந்திய மொழிகளில் இயங்கும் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. உமாசங்கர் நிருவாக இயக்குநராக இருந்த அக்காலத்தில் அரசின் எல்காட் நிறுவனமும் லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதலில் தந்த கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. ஆனால் லினக்ஸைத் திறந்து பார்த்த மாணவர் என் பள்ளியில் மிகச் சிலரே. கற்பிக்க வேண்டிய எங்களுக்கே அது தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற பின்னர், பழைய மாணவர் ஒருவர் அத்தகைய மடிக்கணினி ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து வந்தார். நினைவகம் 2 ஜிபி மட்டுமே. எளிய லினக்ஸ் ஒன்றை இட்டோம். எங்கள் ஊர்க் கடை ஞாயிறு விழா முடிந்த மறுவாரம், முதிய நாகசுர வித்துவான் ஒருவரை என் வீட்டுப் பின்கட்டில் வாசிக்கச் செய்தோம். அவர் வாசிப்பு அதுவரை பதிவானதே இல்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒலிவாங்கி. தவில் உடன் ஒலித்தால் நாகசுரம் அமிழ்ந்துவிடும். எனவே நாகசுரத்தை முதலில் பதித்து, அதைக் காதில் கேட்டபடி தவில்காரர் பின்னர் வாசித்தார். போட்டுக் கேட்டால் தவில் சற்றே பின்தங்கி ஒலித்தது! தவில்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. பிழை அவருடையதன்று. கணினியின் ஒலி வெளிவரும் துளையையும் உட்செல்லும் துளையையும் ஒரு கம்பியால் இணைத்து, ஓர் ஒலியைச் செலுத்தித் தாமதத்தை அளந்து, அவ்வளவை மென்பொருளுக்குத் தெரிவித்ததும் இரண்டும் பொருந்தின.

குறைகளையும் மறைக்கலாகாது. விலைக்கு விற்கும் இசை மென்பொருள்கள் பல லினக்ஸில் ஓடுவதில்லை. சில ஒலிக்கருவிகளை அது அறிந்துகொள்வதுமில்லை. மிகப் பழைய 32 பிட் பொறிகளில் நிறுவும் வசதியை டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸும் 2025-இல் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் விட்டுவிட்டது. எங்கள் மடிக்கணினி 64 பிட் ஆனதால் தப்பியது.

பதிவை முழுவதும் கேட்ட வித்துவான் பொறியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சீவாளி தேய்ந்திருக்கிறது ஐயா, வேறு போட்டுக்கொண்டு நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லி எழுந்தார்.