மகிழ்ச்சியைக் கற்பித்தல்: தரங்கம்பாடி – தஞ்சை மிஷன் பள்ளிகளில் நன்றியும் இசையும் (1707–1853)

முன்னுரை

கிறித்தவ இறையியலில் மகிழ்ச்சி என்பது வெறும் மனநிலை அன்று. இறைவன் செய்த நன்மைக்கு மனிதர் அளிக்கும் மறுமொழி. அம்மறுமொழியைக் குழந்தைக்குப் பிறர் கற்பிக்க இயலுமா, இயலுமெனில் எவருடைய சொல்லிலும் இசையிலும் கற்பிப்பது என்னும் வினாக்கள் சோழமண்டலக் கடற்கரையின் மிஷன் பள்ளிகளில் நடைமுறைச் சிக்கல்களாகவே எழுந்தன. அவற்றுக்குக் கிடைத்த விடைகளை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பணியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மனப்பாடமும் நன்றிக்கடனும்

1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1707இல் அவர் தொடங்கிய பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் வழங்கப்பட்டன. பாடத்தின் அடிப்படை, அவர் தமிழாக்கிய லூத்தரின் சிறிய ஞானோபதேசம். வினா–விடை வடிவிலான அந்நூல், உரக்கச் சொல்லி மனனம் செய்யும் திண்ணைப் பள்ளி முறைக்கு இயல்பாகப் பொருந்தியது.

படைத்தவரைப் பற்றிய அதன் பகுதி, உடல், கண், காது, அறிவு, உணவு, உடை, வீடு, வயல், கால்நடை என இறைவன் தந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. இவை தகுதி பார்த்துத் தரப்பட்டவை அல்ல. ஆதலால் நன்றியும் துதியும் பணிவும் கடமை என முடிகிறது. வயலும் வீடும் இல்லாத குடும்பத்துப் பிள்ளையும் இப்பட்டியலை மனனம் செய்தது என்பது கருதத்தக்கது. அப்பிள்ளைக்கு இறைநன்மையின் கண்கூடான சான்று, பள்ளியில் கிடைத்த சோறும் துணியுமே.

இயற்கை அறிவு

மிஷனரிமார் பின்பற்றிய ஹாலே நகரக் கல்விமுறையை வகுத்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. இயற்கைப் பொருள்களை நேரில் கண்டறிவதும் அம்முறையில் பாடமாயிற்று. படைப்பை அறிதல் படைத்தவரைப் போற்றுவதற்கு வழி எனக் கருதப்பட்டது. சுவார்ட்ஸ் ஐயரால் 1785இல் திருநெல்வேலியிலிருந்து தஞ்சைக்கு அழைத்துவரப்பட்ட வேதநாயகம், தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் இக்கல்வியைப் பெற்று, பின்னர்த் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1800 அளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் கோப்பர்நிக்கசின் வானியலும் உலகப் புவியியலும் இடம்பெறுகின்றன. தாம் கற்ற அறிவியலை அவர் தமிழ்ச் சிற்றிலக்கிய மரபுக்குள் கொணர்ந்து, அதைத் துதியின் பொருளாக்கினார்.

மெட்டும் மொழியும்

தொடக்கக்காலப் பள்ளிகளில் பாடப்பட்டவை ஜெர்மன் மெட்டுகளுக்கு ஏற்ப அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல்கள். 18ஆம் நூற்றாண்டில் வேப்பேரியில் பணியாற்றிய பெப்ரீசியஸ் அவற்றுட் பலவற்றைச் செப்பமான தமிழில் தந்தார். ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. ஜெர்மன் செய்யுள் சொல்லழுத்தத்தால் நடப்பது. தமிழ் யாப்போ குறில், நெடில், ஒற்று என்னும் அளவுகளால் நடப்பது. அயல்மெட்டில் தமிழ்க் குறில் நீளவும் நெடில் குறுகவும் நேர்ந்தது. பொருள் விளங்கினாலும் ஓசை செவிக்கு அயலாகவே இருந்தது.

சாஸ்திரியார் கையாண்ட கீர்த்தனை வடிவம் வேறு வகையில் இயங்கியது. ஆசிரியர் சரணத்தைப் பாட, எழுத்தறியாத சிறுவரும் பல்லவியில் இணைந்துகொள்ளலாம். ஞானோபதேசத்தில் வினாவுக்குரிய விடையாகக் கற்ற நன்றி, பல்லவியில் கூட்டுக் குரலாயிற்று.

1820களின் பூசல்

தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனரிமார் இதனை ஏற்கவில்லை. ஆலயத்தில் தமிழ்ப் பாடல்களையும் விழாக்களில் பூக்களையும் தடுத்தனர். பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டனர். சாதி வாரியான இருக்கை முறையை ஒழிக்க முனைந்தனர். இந்நான்கையும் ஒருசேரக் கொடுமைகள் எனச் சாஸ்திரியார் எதிர்த்தார். ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ (1829) அவ்வெதிர்ப்பின் ஆவணம்.

இங்கு இரு வழக்குகள் பின்னிக் கிடக்கின்றன. பூவும் பாட்டும் மகிழ்ச்சியின் உள்ளூர் அடையாளங்கள் என்பதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அதே பண்பாட்டு வாதம், தகுதி பாராது அருளப்பட்ட நன்மையைப் பாடுவோர் பிறப்பால் பிரிந்து அமர்வதற்கும் அரணாயிற்று. மிஷனரிமாரிடமும் இதன் மறுதலை காணப்படுகிறது: சமத்துவத்தை வலியுறுத்தியவர்களே அச்சபையின் இசைக்கு இடம் மறுத்தனர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடுகளைச் சபையில் கைவிட ஆணையிட்டபின் பூசல் மேலும் கூர்மையடைந்தது.

இசையைப் பொறுத்தவரை தீர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்ற கீர்த்தனைத் தொகுப்பை 1853இல் வெளியிட்டார்.

முடிவுரை

இன்று செங்கற்பட்டு உள்ளிட்ட வட்டாரங்களின் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே வழிபாட்டில் பாடப்படுகின்றன. மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நன்மையை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைப் பாடநூலால் கற்பிக்க முடிந்தது. அதற்கான மகிழ்ச்சி பிள்ளைகளின் சொந்த மறுமொழியாக அமையத் தமிழ் யாப்பும் இசையும் தேவைப்பட்டன. இரண்டாவது, இசையில் எய்திய உரிமை இருக்கையில் எய்தப்படவில்லை. கீர்த்தனை மரபைப் பண்பாட்டுத் தழுவலின் வெற்றியாக மட்டும் எழுதும் வரலாறுகள் இவ்விரண்டாம் பகுதியையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.