கண்ணாடியில் எழுதிய பெயர்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிவாசல் விளக்கு உள்ளது. விரிந்த கழுத்தும் பருத்த வயிறும் கொண்ட கண்ணாடி விளக்கு. அதன் மேனியில் சிவந்த வட்டம். வட்டத்துள் பொன்னிற விற்கள் இரண்டு. 1285இல் மறைந்த ஐதகீன் என்ற அமீரின் கல்லறை மண்டபத்துக்காகச் செய்யப்பட்டது. அவர் 'பந்துக்தார்', அதாவது சுல்தானின் வில்லைக் காத்தவர். அப்பதவியின் சின்னமே அவ்விற்கள்.

1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள், அடிமைகளாக வாங்கப்பட்டுப் போர்வீரர்களாக வளர்க்கப்பட்டவர்கள். ஐதகீனிடம் அடிமையாயிருந்த பைபர்ஸ் 1260இல் சுல்தானானார். பழைய எஜமானர் அவரிடமே ஊழியம் செய்தார். ஆனால் பைபர்ஸின் பெயரிலிருந்து 'பந்துக்தாரி' என்ற ஒட்டு கடைசிவரை நீங்கவில்லை.

தந்தை பெயர் கேட்டால் 'அப்துல்லாஹ்வின் மகன்' என்ற பொதுப்பெயரையே சொல்ல வேண்டியிருந்தவர்கள் இவர்கள். அமீர் பதவி பிள்ளைகளுக்கு உரிமையாக வருவதில்லை. சொத்தையும் சுல்தான் பறித்துவிடலாம். ஆகவே பள்ளிவாசல், மதரஸா, கல்லறை எனக் கட்டி, அவற்றின் பராமரிப்புக்கு வக்ஃபு எழுதிவைத்தனர். விளக்குக்கான எண்ணெயும் விளக்கேற்றுபவரின் ஊதியமும் அச்செலவில் அடங்கும்.

ஊதி உருவாக்கிய கண்ணாடியில் பொன்னும் வண்ணக் கண்ணாடிப் பொடியும் தீட்டி, மீண்டும் நெருப்பில் வாட்டினர். பல விளக்குகளின் கழுத்தில், இறையொளியை மாடத்தில் கண்ணாடிக்குள் எரியும் விளக்குக்கு உவமிக்கும் குர்ஆன் வசனம் நீல எழுத்தில் அமைந்திருக்கும். வயிற்றில் கொடையாளியின் பெயர். அங்கே நீலம் பின்புலமாகிவிட, எழுத்துகள் நீலம் பூசாமல் விடப்பட்டிருக்கும். திரியை ஏற்றினால் வசனம் ஒளியின்மீது கருமையாகத் தெரியும். பெயரோ ஒளியாகவே தெரியும்.

இதை வெறும் அகந்தையென ஒதுக்க மனம் வரவில்லை. அரச குலத்தில் பிறந்தவருக்கும் இதே நிச்சயமின்மைதான். 1356இல் கெய்ரோவில் மாபெரும் பள்ளிவாசலைத் தொடங்கிய சுல்தான் ஹசன் 1361இல் கவிழ்க்கப்பட்டுக் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை, தமக்கெனக் கட்டிய கல்லறையில் அவர் இல்லை. அப்பள்ளிவாசலுக்காகச் செய்த விளக்குகள் பலவற்றை கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் காணலாம். எண்ணெயும் திரியும் இன்றி, வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் ஹசனின் பெயரை இன்றும் படிக்க முடிகிறது.