கோணம், மிஸ்ராப், ஜவா: மீட்டும் கையின் வரலாறு

இந்தியத் தந்திக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் குடம், தண்டி, மெட்டு, தந்தி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தந்தியை மீட்டும் சிறுகருவிக்கு அதில் இடம் குறைவு. அது தேயும், தொலையும், எளிதில் மாற்றிக்கொள்ளப்படும். அருங்காட்சியகத்தில் வீணை எஞ்சினும் அதை மீட்டிய துண்டு எஞ்சுவது அரிது. ஆயினும் அதன் சுவடுகளை மொழி காத்துவைத்திருக்கிறது.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் இரு வீணைகளை வேறுபடுத்துகிறது. ஏழு தந்திகளுடைய சித்திரா விரல்களால் மீட்டப்படுவது. ஒன்பது தந்திகளுடைய விபஞ்சி 'கோணம்' கொண்டு மீட்டப்படுவது. தந்திகளின் எண்ணிக்கையோடு மீட்டும் முறையும் அங்கே வகைப்பாட்டுக்கு அடிப்படையாகிறது. சிதாருக்குரிய 'மிஸ்ராப்' என்னும் சொல்லோ, 'அடித்தல்' என்ற பொருளுடைய அரபு வேரிலிருந்து பாரசீகத்தின் வழியாக வந்தது. 'பிளெக்ட்ரம்' என்பதற்கும் அதே பொருளுடைய கிரேக்க வினையே மூலம். உறவற்ற இரு மொழிகளும் கருவியை அதன் செயலாலேயே அடையாளங்கண்டன.

மிஸ்ராப் எஃகுக் கம்பியை வளைத்துச் செய்யப்படுவது. வலக்கைச் சுட்டுவிரலில் அணியப்படுவது. புதிதாகப் பயில்பவர் தம் விரற்பருமனுக்கு ஏற்றதைத் தேர்ந்தால்தான் விரைவான வீச்சில் அது சுழலாமல் நிற்கும். சரோதுக்குரிய ஜவா பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையை இழைத்துச் செய்யப்படுவது. கிட்டார் பிக்கைப் போல அது விரல்களுக்கிடையே பிடிக்கப்படுகிறது.

இவ்வேறுபாட்டை மீறி, இரு கருவிகளும் 'தா', 'ரா' என்னும் ஒரே சொற்கட்டுகளைப் பயன்படுத்துகின்றன. சிதாரில் 'தா' என்பது பொதுவாகச் சுட்டுவிரல் உள்நோக்கி இழுக்கும் வீச்சு. சரோதிலோ கை கீழ்நோக்கி அடிக்கும் வீச்சு. திசைகள் எதிரெதிரானவை, பெயர் ஒன்றே. ஒவ்வொரு கருவியிலும் கைக்கு வலிமையாக அமையும் வீச்சே 'தா' எனப்படுகிறது. எனவே இப்பெயர்கள் திசையைக் குறிக்கவில்லை. வலியதற்கும் மெலியதற்குமான எதிர்வைக் குறிக்கின்றன. ஒலியன்கள் தம்முள் கொள்ளும் எதிர்வால் பொருள்படுவதை இது நினைவூட்டுகிறது.

மசீத் கானின் பெயரால் வழங்கும் மசீத்கானி கத் இதற்குத் தக்க சான்று. 16 மாத்திரைகள் கொண்ட தீன்தாலில் 12-ஆம் மாத்திரையில் தொடங்கும் அதன் அமைப்பு, 'திர் தா திர் தா ரா, தா தா ரா' என இருமுறை வருகிறது. தாளத்தின் முதல் மாத்திரையில் விழுவது 'தா'. சுரங்கள் இராகத்திற்கேற்ப மாறலாம். வலக்கையின் இவ்வொழுங்கு மாறுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டது இராகம் மட்டுமன்று, ஒரு கையசைவும் ஆகும்.

ஆகவே பழங்கருவியொன்றை ஆவணப்படுத்துவோர் அதன் அளவுகளோடு நின்றுவிடலாகாது. எதனால் மீட்டப்பட்டது, எச்சொற்கட்டால் கற்பிக்கப்பட்டது என்பவற்றையும் பதிதல் வேண்டும். மீட்டுக்கருவி தேய்ந்து மறைந்த பின்னும், அதை இயக்கிய கையை மீட்டறிய எஞ்சும் தடயங்களுள் முதன்மையானது அச்சொற்கட்டே.