விண்ணப்பக் கடிதம்: கச்சேரி வாசலிலிருந்து கணினித் திரை வரை

எமது பாடசாலையில் படித்து வெளியேறிய எந்தத் தலைமுறையைக் கேட்டாலும், உள்ளங்கை வியர்க்க எழுதிய முதற் கடிதம் வேலை விண்ணப்பம் என்றே சொல்வார்கள். அந்தக் கடிதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஆங்கிலேயர் காலத்து விண்ணப்பம் பணிவினால் நீண்டது. "தங்கள் மிகக் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடியும் ஆங்கில வாய்பாட்டைப் பெண்களும் அப்படியே எழுதினர். ஆங்கிலம் கைவராதவர்களுக்குக் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் வெளியே அமர்ந்திருந்த பெட்டிசன் எழுதுபவர்கள் இருந்தார்கள். கூலிக்கு எழுதியதால் வந்த பழக்கமோ என்னவோ, மூன்று வரியில் முடிவது மூன்று பக்கமாகும்.

1802இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானி பிற்காலத்தில் வேலை தேடுவோரின் வெள்ளிக்கிழமை வாசிப்பாயிற்று. அதன் நிபந்தனைகளைப் பலர் வெறும் சடங்காக எண்ணினர். கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பூரணமற்ற விண்ணப்பம் நிராகரிக்கப்படும். இன்று இயந்திரம் செய்யும் வடிகட்டலை அன்று ஓர் இலிகிதர் அந்த இடது மூலையைப் பார்த்தே செய்தார். விண்ணப்பதாரியின் திறமை அவர் கண்ணுக்கு எட்டியதே இல்லை.

எல்லா வடிகட்டலும் இப்படி அப்பாவித்தனமானதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின், தோட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்கு விண்ணப்பத்தின் மிகக் கடினமான கேள்வி கல்வித் தகைமை பற்றியதல்ல. "வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா?" என்ற ஒரு வரிதான். பதிவுப் பிரஜை என்றால் சான்றிதழின் இலக்கமும் திகதியும் வேண்டும். இரண்டும் இல்லாதவள் நன்றாகப் படித்திருந்தும் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கடல் கடக்க வைத்தது. இங்கே எஞ்சியோருக்கான கதவு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை முழுமையாகத் திறக்கவில்லை. இதற்கிடையில், 1956இன் அரசகரும மொழிச் சட்டம் அரசாங்க சேவையிலிருந்த தமிழர்களுக்குச் சிங்களத் தேர்ச்சி என்னும் இன்னொரு வரியைச் சேர்த்தது. அந்த வரிகளுக்கு எந்தக் கடித நடையும் உதவியிராது. இதை மறந்துவிட்டு, "நன்றாக எழுதினால் வேலை கிடைக்கும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது நேர்மையாகாது.

இனி இன்றைய வடிகட்டலுக்கு வருவோம். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், கடதாசி விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து சொற்களைத் தேடும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. இப்போது கொழும்பிலும் டுபாயிலும் டொரொண்டோவிலும் பெரிய நிறுவனங்கள் பல, மனிதர் வாசிக்குமுன் இத்தகைய மென்பொருளிடம் கொடுக்கின்றன. அது பழைய இலிகிதரைப் போலவே பதவியின் பெயரைத் தேடுகிறது. விளம்பரம் "கணக்கு உதவியாளர், எக்ஸெல்" என்றால் அந்தச் சொற்களையே எழுத வேண்டும்; "கணினி அறிவு உண்டு" என்பது அதன் காதில் விழாது. அழகுக்காகப் போட்ட கட்டங்களுக்குள்ளும் படங்களுக்குள்ளும் உள்ள எழுத்தைச் சில மென்பொருள்கள் தவறவிடும்.

அடுத்து வாசிக்கும் மனிதருக்கோ நேரமில்லை. 1482 அளவில் மிலான் ஆட்சியாளருக்கு வேலை கேட்டு எழுதிய லியனார்டோ டா வின்சி, பாலமும் போர்க்கருவியும் செய்யத் தெரியும் என்பதை முதலில் எண்ணிட்டு வைத்தார். ஓவியத்தைக் கடைசியில்தான் சொன்னார். வாசிப்பவருக்கு வேண்டியது மேலே. நம் பிள்ளைகள் சமயம், திருமண நிலை, தந்தையின் தொழில் என்று அரைப் பக்கத்தை நிரப்பிய பிறகுதான் தாம் செய்த வேலைக்கு வருகிறார்கள். இரண்டு பக்கம் போதும். பாடசாலையை விட்டு இப்போதுதான் வெளியேறியவளுக்கு ஒன்றே அதிகம்.

எம்மவருக்கு மட்டும் உரிய தொல்லைகள் இரண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர் ஒன்று. எல்லா இடத்திலும் அடையாள அட்டையின் எழுத்துக்கூட்டலையே பாவிப்பது நல்லது. மற்றையது பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சிட்ட தமிழ் நம் கண்ணுக்குத் தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குவியல். 1991 முதல் தமிழுக்கும் இடமளித்த யுனிகோடில் எழுதினால்தான் மென்பொருள் அதைத் தமிழாக அறியும்.

மகளின் விண்ணப்பத்தை அனுப்புமுன் அதை முழுவதும் பிரதிசெய்து நோட்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். அங்கே உங்களால் வாசிக்க முடியாததை இயந்திரமும் வாசிக்காது.