பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: மாதவிடாய் நிறுத்தமும் நினைவு மங்கலும்

தமிழ் மரபு பெண்ணின் வாழ்நாளைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களாக வகுத்தது. பாட்டியல் நூல்களைத் தழுவிப் பொதுவாக வழங்கும் கணக்கின்படி ஏழாம் பருவம் 40 வயதோடு முடிவடைகின்றது. உலா பாடிய புலவருக்கு அதற்கு மேற்பட்ட வயது வேண்டப்படவில்லை. ஆயின் வாழ்வு ஆங்கு முடிவதன்று. பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நிற்கின்றது. அக்காலத்திற் பழகிய பெயர் நாவில் எழாமை, எடுத்த கருமத்தை இடையில் மறத்தல், சிந்தனையில் மூட்டம் படிதல் ஆகியன பல பெண்களுக்கு நேர்கின்றன. பெயரிடப்படாத பருவத்தின் இம்மறதி எவ்வாறு நோக்கப்பட்டது என்பதையும், புளியங்கூடல் போன்றதொரு தீவகக் கிராமத்தில் அதன் பொருள் யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

மாதவிடாய் 12 வயதளவில் தொடங்கி 50 வயதளவில் ஒழியும் எனச் சுசுருத சங்கிதை கூறும். மேனாட்டில் இதற்குத் தனிப்பெயர் வழங்கியவர் பிரெஞ்சு மருத்துவர் கார்தான். 1821இல் அவர் ஆண்ட சொல்லே இன்றைய மருத்துவச் சொல்லுக்கு மூலம். 1857இல் எட்வர்ட் ரில்ற் இம்மாற்றம் பற்றிய பெருநூலை இலண்டனில் வெளியிட்டார். அதே ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியாற் பிரசவ வைத்திய நூல் தமிழில் வெளிவந்தது. 1898இல் இணுவிலிற் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. மகப்பேற்றில் உயிர்கள் மாய்ந்த அக்காலத்தில் தாயைக் காத்தலே முதற்கடனாயிருந்தது இயல்பே. எனினும் பிள்ளைப்பேறு ஓய்ந்த பெண் மருத்துவத்தின் பார்வைக்கு வெளியே நின்றாள்.

மேனாட்டிலும் அவள் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டாளல்லள். 1896இல் ஜேர்மனிய மருத்துவர் கிரெப்பெலின் வகுத்த முதிர்பருவ மனச்சோர்வு என்னும் நோய்ப்பெயர் அவள்மீது நெடுங்காலம் சுமத்தப்பட்டது. 1980இலேயே அமெரிக்க மனநோய் வகைப்பாடு அதனைக் கைவிட்டது. 1929இல் ஈஸ்திரோஜன் வகை ஓமோன் பிரித்தெடுக்கப்பட்டபின், மாற்றத்தைக் குறைபாடாகக் கருதும் போக்கு வலுத்தது. ஓமோன் மருந்து என்றும் இளமை தரும் என 1966இல் றொபேட் வில்சன் எழுதினார். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வோ, 65 வயதுக்கு மேல் கூட்டு ஓமோன் மருந்து உட்கொண்ட பெண்களிடையே முதுமறதி நோய் ஏறத்தாழ இருமடங்காகக் கண்டது. நடுவயதிற் பெறும் சிகிச்சைக்கு அம்முடிவை அவ்வாறே பொருத்துதல் ஆகாது.

உண்மை நிலையை 2009இல் வெளியான பிறிதோர் ஆய்வு தெளிவாக்கிற்று. அமெரிக்காவில் 2,362 பெண்களை நான்காண்டுகள் தொடர்ந்து சோதித்தபோது, மாற்றம் நிகழுங் காலத்திற் கற்றல் திறன் தளர்ந்ததும், மாதவிடாய் முற்றாக நின்றபின் அது மீண்டதும் புலனாயின. நினைவுக்கு நிலைக்களனான மூளைப்பகுதிகளில் ஈஸ்திரோஜன் தொழிற்படுகின்றது. அதன் அளவு ஏறியிறங்குவதோடு, உடற்சூடும் இரவு வியர்வையும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. ஆகவே இது பெரும்பாலும் கடந்துபோகும் தளர்வேயன்றி முதுமறதி நோயின் தொடக்கமன்று.

இனிப் புளியங்கூடலை நோக்குவாம். வேலணைத்தீவில் ஊர்காவற்றுறைக்கு அண்மையில் உள்ளது இவ்வூர். தீவக ஆடவர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகர்களிலும் கடை நடத்தி வந்தமை யாவரும் அறிந்ததே. அத்தகைய குடும்பங்களிற் காணி எல்லை, சீதன உறுதி, கொடுக்கல் வாங்கல், உறவுமுறை ஆகிய யாவும் வீட்டிலிருந்த பெண்ணின் நினைவிலேயே தங்கின. அவளே வீட்டின் பதிவேடு. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடும் ஏடும் இழந்த இடத்தில் எஞ்சியது நினைவொன்றே. அக்காலை நடுவயதிலிருந்த பெண்ணின் மறதிக்குத் துயரமும் உறக்கமின்மையும் காரணமாகலாம். உடல் மாற்றமும் காரணமாகலாம். இரண்டும் ஒருங்கே கூடியிருத்தலும் உண்டு. ஒன்றைக் கண்டு மற்றதை மறுத்தல் தவறாகும்.

இதனால் இரு கடமைகள் எழுகின்றன. முதலாவது மருத்துவரைச் சார்ந்தது. இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் நிலையங்களுக்கு வரும் பெண்ணிடம் நினைவு பற்றியும் உறக்கம் பற்றியும் வினவுதல் வேண்டும். குருதிச்சோகை, தைரோயிட்டுக் குறைபாடு முதலிய பிற காரணங்களையும் ஆராய்தல் வேண்டும். இரண்டாவது வரலாற்று மாணவரைச் சார்ந்தது. வாய்மொழி வரலாறு தேடிச் செல்வோர், ஐம்பதை அண்மித்த பெண்ணொருத்தி பெயரொன்றைத் தேடித் தயங்குவாளாயின், அவள் சான்றினை ஐயுற்று ஒதுக்குதல் தகாது. சற்றுப் பொறுத்திருந்து, மற்றொரு நாளும் சென்று கேட்டல் வேண்டும். சொல் வரத் தாமதிப்பது வேறு. செய்தி அழிந்துபோவது வேறு. இவ்வேறுபாட்டை உணராதவிடத்து, ஏடிழந்த ஊர்கள் தம் இறுதிச் சான்றையும் இழந்துவிடும்.