சென்னையில் தெருநாய்க் கட்டுப்பாடு: காதுவெட்டும் பதிவேடும்

தியாகராய நகரின் கண்ணம்மாபேட்டையில் பெருநகர சென்னை மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையம் உள்ளது. தெருவில் பிடிக்கப்படும் நாய்களுக்கு இங்கு கருத்தடை அறுவைச் சிகிச்சையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அளிக்கப்படுகின்றன. பின்னர் அவை பிடித்த இடத்திலேயே விடப்படுகின்றன. இன்று நாடு முழுவதும் சட்டமாக உள்ள இம்முறைக்குச் சென்னை ஒரு முன்னோடி நகரம்.

கொல்லும் முறையும் அதன் தோல்வியும்

வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. இந்த அச்சத்தால் சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. ஆயினும் நாய்களும் குறையவில்லை, நோயும் ஒழியவில்லை. ஒரு தெருவின் நாய்கள் அகற்றப்பட்டால், அங்கு கிடைக்கும் உணவைத் தேடிப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும். எஞ்சியவையும் விரைவாகப் பெருகும்.

கேப்டன் வி. சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதல் கருத்தடையை மாற்று வழியாக முன்வைத்தது. அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா இதற்காகத் தொடர்ந்து வாதாடினார். 1996-இல் மாநகராட்சி தென்சென்னையின் ஒரு பகுதியில் இதைச் சோதித்துப் பார்க்க இசைந்தது. பின்னர் நகரம் முழுவதற்கும் விரிவாக்கியது.

அறிவைக் காக்கும் அமைப்பு

ஒரு பணியின் படிகளையும் அடையாளங்களையும் பதிவுகளையும் முன்கூட்டித் திட்டமிடுவதே சேவை வடிவமைப்பு. நாய் பிடிப்பவர் மாறுவார், மருத்துவர் இடமாற்றம் பெறுவார், ஒப்பந்தம் முடியும். அவர்கள் அறிந்தவை அவர்களோடு போய்விடாதபடி பணியே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

2001-ஆம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு வழி செய்தன. பிடிபட்ட நாய்க்கு எண் அடையாளம் இட வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் காதோரத்தில் சிறு வெட்டோ பச்சைக்குறியோ இட வேண்டும். விடுவித்த இடம், நாள், நேரம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். காதுவெட்டைப் படிக்க எழுத்தறிவும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை; தெருவாசி ஒருவரே தொலைவிலிருந்து கண்டுகொள்ளலாம். அதனால் ஒரே நாயை மீண்டும் பிடித்து அறுக்கும் வீண்வேலை தவிர்க்கப்படுகிறது. பிடித்த இடத்திலேயே விடும் விதியும் பதிவேடு இருந்தால்தான் நிறைவேறும்.

காதுவெட்டு சொல்லாதவை

காதுவெட்டு கருத்தடை நடந்ததை மட்டுமே கூறும். தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதைக் கூறாது. கருத்தடை ஒருமுறை போதும். தடுப்பூசியையோ காலமுறைப்படி மீண்டும் போட வேண்டும். ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால்தான் நோய்ப் பரவல் தடைபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. யாருக்குப் போட்டோம் என்று தெரியாமல் இந்த இலக்கை அளக்க முடியாது.

2018 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 57,000 தெருநாய்கள் இருந்தன. 2024-இல் அது ஏறத்தாழ 1.8 லட்சம் ஆனது. கருத்தடை பெற்றவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தொடக்கத்தில் முன்னோடியாக இருந்த நகரிலும் பணி தொய்ந்தால் நாய்கள் பெருகும் என்பதை இது காட்டுகிறது. 2025-இல் மாநகராட்சி பெருந்திரள் தடுப்பூசிப் பணியையும், நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தும் பணியையும் மேற்கொண்டது. சிப்பிலுள்ள எண்ணைக் கருவியால் படித்து, அந்த நாயின் தடுப்பூசி விவரத்தைப் பதிவேட்டில் காணலாம்.

உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது; வெறிநோய் உள்ளவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் விலக்கு அளித்தது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களை அங்கு திரும்ப விடக்கூடாது எனவும் ஆணையிட்டது. எந்த நாய் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன சிகிச்சை நடந்தது என்ற பதிவு இல்லாமல் இவ்விரு ஆணைகளையும் நிறைவேற்ற இயலாது.